மெலிந்த சுவருக்குள் டர்போ

பெட்ரோல் எஞ்சினின் வலுவைக் கூட்ட நினைப்பவர் முதலில் தேட வேண்டியது காற்றை. பெட்ரோலை வேண்டிய அளவு பீய்ச்சிவிடலாம். அதை எரிக்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்குள் வந்து சேர்ந்தால்தான் பயன். காற்றைக் கூடுதலாக உள்ளே கொண்டுவரப் பழைய வழிகள் இரண்டு உண்டு. சிலிண்டரின் துளையைக் கடைந்து அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவது ஒன்று. நம்மூர்ப் பட்டறைகளில் இதை ரீபோர் என்பார்கள். துளையை அப்படியே விட்டுவிட்டு வெளிக்காற்றை அழுத்தி உள்ளே திணிப்பது மற்றொன்று. வீணாக வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டே அந்தக் காற்றை அழுத்தலாம் என்ற யோசனைக்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். இன்று டர்போ என்று நாம் அழைப்பதன் தொடக்கம் அது.

இரண்டையும் ஒரே எஞ்சினில் செய்தால் இரண்டு மடங்கு லாபம்தானே என்று தோன்றும். பழைய எஞ்சினைப் பிரித்து வைத்திருப்பவருக்கு இந்த ஆசை எளிதில் வரும். எப்படியும் பிஸ்டன் மாற்றப் போகிறோம், பட்டறைக்கும் அனுப்பப் போகிறோம், கூடவே துளையையும் நன்றாகப் பெரிதாக்கிவிட்டால் என்ன? கம்பெனியிலிருந்து வந்த அதே ஸ்லீவை, அதாவது சிலிண்டரின் உள்சுவரான இரும்பு உறையை, வைத்துக்கொண்டு டர்போ ஓட்டப் போகிறவர் இந்த ஆசையை அடக்க வேண்டும். அவருக்கு அந்தச் சுவரிலுள்ள இரும்பு, கொள்ளளவைவிட விலையேறியது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஹோண்டாவின் பி வரிசை எஞ்சின்களை எடுத்துக்கொள்வோம். சொந்தமாக டர்போ பூட்டிப் பார்ப்பவர்களின் கையில் அதிகமாகப் புழங்கிய எஞ்சின் குடும்பங்களில் இது ஒன்று. 1989-இல் ஜப்பானில் இன்டெக்ரா காரில் வந்த பி16ஏ, 1,595 சி.சி.யில் 160 குதிரைத்திறன் கொடுத்தது. டர்போ இல்லாமல் லிட்டருக்கு 100 குதிரைத்திறன் என்பது அன்றைய சாலைக் கார்களில் அரிது. அதே குடும்பத்தில் பின்னால் வந்த பி18சி எஞ்சினுக்குத் துளை 81 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 87.2 மி.மீ., கொள்ளளவு 1,797 சி.சி. அலுமினிய பிளாக்குக்குள் நான்கு வார்ப்பிரும்பு ஸ்லீவ்கள். மண் சரியாமலிருக்கக் கிணற்றுக்குள் உறை இறக்குவதைப்போல, மென்மையான அலுமினியத்துக்குள் தேய்மானம் தாங்கும் இரும்பு உறையை வைத்தே பிளாக்கை வார்த்திருக்கிறார்கள். பிஸ்டன் வளையங்கள் உரசுவது இந்த இரும்பில். எரியும் வாயு முட்டுவதும் இந்த இரும்பில்.

அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு நடுவே உள்ள தூரம் இந்த எஞ்சினில் 90 மி.மீ. துளை 81 என்றால் இரண்டு துளைகளுக்கும் இடையே மிஞ்சுவது 9 மி.மீ. அந்த இடத்துக்குள்தான் இரு பக்கத்துச் சுவர்களும் அடங்க வேண்டும். துளையை 84 ஆக்கினால் மிஞ்சுவது 6 மி.மீ. மையத் தூரத்தை எந்தப் பட்டறையாலும் மாற்ற முடியாது. வார்க்கும்போதே முடிவானது அது. எனவே துளை அகலமாகும் ஒவ்வொரு மி.மீ.யும் சுவரிலிருந்துதான் வருகிறது.

இப்போது லாபத்தைப் பார்ப்போம். 81 மி.மீ. துளையை 81.5 ஆக்கினால் பி18சி எஞ்சினின் கொள்ளளவு சுமார் 1,820 சி.சி. ஆகிறது. கூடியது 22 சி.சி., அதாவது நூற்றுக்கு 1.2 பங்கு. துணிந்து 84 வரை போனால் 1,933 சி.சி.; கூடியது 136 சி.சி., நூற்றுக்கு 7.5 பங்கு. மூன்று மி.மீ. கடைந்து, சுவரின் கனத்தில் ஒன்றரை மி.மீ.யை இழந்து நாம் வாங்கியது இந்த ஏழரை பங்குதான்.

டர்போவின் கணக்கு வேறு. வளிமண்டலம் ஏற்கெனவே 1 பார் அழுத்தம் தருகிறது. அதன்மேல் டர்போ அரை பார் பூஸ்ட் கொடுத்தால் உள்ளே போகும் காற்றின் அழுத்தம் 1.5 பார். ஆனால் காற்றை அழுத்தினால் சூடாகும், சூடானால் விரியும். 27 டிகிரி செல்சியஸில் உள்ளே போகும் காற்று, நூற்றுக்கு 70 பங்கு செயல்திறனுள்ள கம்ப்ரசரில் 1.5 மடங்கு அழுத்தப்பட்டு வெளியே வரும்போது ஏறக்குறைய 80 டிகிரியில் இருக்கும். அப்படியே எஞ்சினுக்குள் விட்டால் அடர்த்தி கூடுவது 27 பங்கு. நடுவே ஒரு இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்குக் குளிர்வித்தால் 41 பங்கு கூடும். பூஸ்டை மாற்றாமல், துளையைத் தொடாமல், காற்றைக் குளிர்வித்ததால் மட்டும் கிடைத்த வித்தியாசம் 14 பங்கு. மூன்று மி.மீ. கடைந்து கிடைத்ததைப்போல் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. நல்ல இன்டர்கூலர் ஒன்று சிலிண்டரிலிருந்து ஒரு துகள் இரும்பைக்கூட எடுப்பதில்லை.

இனி சுவரின் கதை. சிலிண்டருக்குள் வாயு எரிந்து விரியும்போது அது பிஸ்டனைக் கீழே தள்ளுவதோடு நிற்பதில்லை. சுவரையும் எல்லாத் திசையிலும் வெளியே தள்ளுகிறது. வட்டமான சுவர் அந்தத் தள்ளலைச் சுற்றளவு நெடுக இழுவிசையாகத் தாங்குகிறது. ஒரு சதுர மி.மீ. இரும்பு எவ்வளவு இழுவிசையைச் சுமக்கிறது என்பதைப் பொறியியலில் தகைவு என்கிறோம். மெல்லிய சுவருள்ள உருளைக்கு இதன் சூத்திரம் மிக எளிது: உள் அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் கனத்தால் வகுக்க வேண்டும். துளையைக் கடையும்போது ஆரம் கூடுகிறது, கனம் குறைகிறது. ஒரே வெட்டில் மேலே உள்ள எண் ஏறி, கீழே உள்ள எண் இறங்குகிறது. டர்போ பூட்டினால் மீதமிருந்த அழுத்தமும் ஏறுகிறது. சூத்திரத்தில் உள்ள மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஸ்லீவின் கனம் 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். டர்போ இல்லாத எஞ்சினில் எரிதலின் உச்ச அழுத்தம் 70 பார், அதாவது 7 மெகாபாஸ்கல். ஆரம் 40.5 மி.மீ. தகைவு 71 மெகாபாஸ்கல். டர்போ பூட்டி உச்ச அழுத்தம் 100 பார் ஆனால் அதே சுவரில் 101. துளையை 81.5 மட்டும் ஆக்கினால் 109. துளையை 84 ஆக்கிச் சுவர் 2.5 மி.மீ. ஆகிவிட்டால் 168.

இந்தச் சூத்திரம் நிலைமையைக் கொஞ்சம் மிகைப்படுத்துகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். உச்ச அழுத்தம் வருவது பிஸ்டன் மேல்முனையைக் கடந்து, கிராங்க் ஏறக்குறைய 15 டிகிரி திரும்பியிருக்கும் வேளையில். அப்போது பிஸ்டன் இரண்டு மி.மீ. அளவுதான் இறங்கியிருக்கும். வளையங்களுக்குக் கீழே அந்த அழுத்தம் கிடையாது. எனவே முழு அழுத்தத்தையும் வாங்குவது ஸ்லீவின் உச்சியிலுள்ள ஒரு குறுகிய பட்டை; கீழேயுள்ள இரும்பு அதற்கு ஓரளவு கைகொடுக்கும். வெளியே சுற்றியிருக்கும் அலுமினியமும் கொஞ்சம் தாங்கும். ஆனாலும் ஒப்பீடு மாறாது. அரை மி.மீ. ரீபோர் தகைவை ஏழெட்டுப் பங்குதான் கூட்டுகிறது, மூன்று மி.மீ. ரீபோர் மூன்றில் இரண்டு பங்கு கூட்டிவிடுகிறது.

சாம்பல் வார்ப்பிரும்பை இழுத்தால் 200 முதல் 250 மெகாபாஸ்கல் வாக்கில் அறுந்துவிடும். 168 அதற்குள்தானே இருக்கிறது என்று நிம்மதி அடைய முடியாது. ஒரே ஒரு தடவை இழுத்தால் உள்ள கணக்கு அது. 6,000 ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு நொடிக்கு 50 தடவை எரிதல் நடக்கிறது. பல லட்சம் தடவை இழுத்து விட்டால் இரும்பு தாங்கும் அளவு, ஒரே இழுப்பில் தாங்குவதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்த எல்லை ஏறக்குறைய நூறை ஒட்டித்தான் இருக்கிறது. இந்தக் கணக்கின்படி, துளையைத் தொடாத ஸ்லீவே டர்போவோடு சேர்ந்தால் எல்லைக்கு அருகில் நிற்கிறது.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. கொள்ளளவு பெரிதானால் அதே திருப்புவிசைக்குக் குறைந்த அழுத்தம் போதுமே, அந்த அளவுக்குப் பூஸ்டைக் குறைத்துக்கொள்ளலாமே என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 7.5 பங்கு பெரிய எஞ்சினுக்கு அழுத்தம் 7 பங்கு குறைவாகப் போதும் என்றே வைத்துக்கொள்வோம். 100 பார் 93 ஆகிறது. ஆரம் 42, கனம் 2.5. தகைவு 156. துளையைத் தொடாத எஞ்சினில் அதே திருப்புவிசைக்கு 101. அழுத்தத்தில் மிச்சப்பட்டதைக் கனத்தில் பல மடங்காக இழந்திருக்கிறோம். கனமான சுவருள்ள எஞ்சின் பிளாக்கில் இந்த மறுப்பு வெல்லும்; மெல்லிய ஸ்லீவில் தோற்கிறது.

ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. எடுத்துக்காட்டு இங்கே பொருத்தமானது. 1983-இல் நெல்சன் பிக்கே பிரபாம் காரில் ஃபார்முலா ஒன் பட்டம் வென்றார். டர்போ எஞ்சினோடு ஓட்டுநர் பட்டம் வென்ற முதல் ஆள் அவர். அந்த 1,499 சி.சி. நாலு சிலிண்டர் பி.எம்.டபிள்யூ. எஞ்சினின் பிளாக், சாலைக் கார்களில் ஓடிய எம்10 எஞ்சினின் இரும்பு பிளாக்கை அடிப்படையாகக் கொண்டது. பின்னாளில் தகுதிச் சுற்றுகளில் அது 1,000 குதிரைத்திறனையும் தாண்டியது. பி.எம்.டபிள்யூ. 2002 காரில் இந்தக் குடும்பத்து எஞ்சினுக்குத் துளை 89 மி.மீ., ஸ்ட்ரோக் 80. பந்தய எஞ்சினில் துளை 89.2, ஸ்ட்ரோக் 60. ஸ்ட்ரோக்கை இருபது மி.மீ. குறைத்தவர்கள் துளையில் மாற்றியது 0.2 மி.மீ. மட்டுமே. ஆனால் அது முழு இரும்பு பிளாக். ஸ்லீவும் இல்லை, அலுமினியமும் இல்லை. அந்தத் துணையில்தான் அவ்வளவு அழுத்தத்தையும் தாங்கியது.

ஹோண்டாவின் பி வரிசைக்கு அந்தத் துணை கிடையாது. அதன் பிளாக்கின் மேல்தளம் திறந்தது. ஓப்பன் டெக் என்பார்கள். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்த்தால், நான்கு ஸ்லீவ்களைச் சுற்றியும் தண்ணீர் ஓடும் இடைவெளி வாய் திறந்து தெரியும். ஸ்லீவின் உச்சியை வெளிச்சுவரோடு பிணைக்கும் தளம் இல்லை. உயர் அழுத்தத்தில் அலுமினியத்தை அச்சுக்குள் பாய்ச்சி வார்க்கும்போது, எஃகு அச்சை மேலே உருவி எடுக்க இந்தத் திறப்பு தேவைப்படுகிறது. மூடிய தளம் வேண்டுமென்றால் மணல் கருக்களை வைத்து வார்க்க வேண்டும். நேரமும் செலவும் கூடும். சிலிண்டரின் உச்சியைச் சுற்றித் தண்ணீர் நன்றாக ஓடுவதும் திறந்த தளத்தின் நன்மை. டர்போ இல்லாத எஞ்சினுக்கு இது மிகச் சரியான வடிவமைப்பு. ஆனால் உச்ச அழுத்தம் முட்டும் அந்தக் குறுகிய பட்டை ஸ்லீவின் உச்சியில்தான் இருக்கிறது, பிணைப்பு இல்லாததும் அதே உச்சியில்தான்.

பக்கவாட்டு உந்துதலும் சேர்ந்துகொள்கிறது. கனெக்டிங் ராட் சாய்வாக நிற்கும்போது பிஸ்டன் நேராகக் கீழே போகாமல் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்தபடி இறங்குகிறது. 81 மி.மீ. பிஸ்டனின் தலையில் 100 பார் என்றால் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட விசை. பி18சி எஞ்சினின் ராட் நீளம் ஏறக்குறைய 138 மி.மீ. உச்ச அழுத்த வேளையில் அந்த ராட் ஐந்து டிகிரிக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சிறு சாய்வே 400 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான விசையைச் சுவர்மேல் சாய்த்துவிடும். ஒவ்வொரு எரிதலிலும், ஒரே பக்கத்தில். மெலிந்த ஸ்லீவ் இதில் நுண்ணிய அளவில் அசைகிறது, வட்டம் முட்டை வடிவத்துக்குப் போகிறது. வளையங்கள் சுவரோடு சரியாக ஒட்டாமல் வாயு கீழே கசிகிறது. உச்சி அசைவதால் ஹெட் கேஸ்கெட் அரைபடுகிறது. பலரும் கேஸ்கெட்டைக் குறைசொல்லி மாற்றி மாற்றிப் போடுவார்கள். நோய் ஸ்லீவில் இருக்கும். கடைசியில் விரிசல் விடும்போது அது உந்துதல் விழும் பக்கத்தில், மேலிருந்து கீழாக நெடுக்காக ஓடும். சுற்றளவு நெடுக இழுபடும் இரும்பு அப்படித்தான் பிளக்கும்.

ஹோண்டாவே 84 மி.மீ. துளையுள்ள பி20 எஞ்சினைச் செய்தது. 1990-களின் நடுவில் வந்த சிஆர்-வி காரில் அது இருந்தது: ஸ்ட்ரோக் 89 மி.மீ., கொள்ளளவு சுமார் 1,973 சி.சி. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போக அது அருமையான எஞ்சின். அதன் அடிப்பாகத்தை எடுத்து மேலே, வேகத்துக்கேற்ப வால்வுத் திறப்பை மாற்றும் விடெக் ஹெட்டைப் பூட்டுவது அமெரிக்காவில் வெகுநாள் பிரபலமாக இருந்த வழி. டர்போ இல்லாதவரை அதுவும் நன்றாகவே ஓடியது. பூஸ்ட் ஏற்றிய பிறகு ஸ்லீவ் விரிசல் விடுவதற்கு அந்த எஞ்சின் பேர்போனது. 84 மி.மீ. துளையுள்ள எஞ்சினை மேலும் அரை மி.மீ. கடைந்துவிட்டு டர்போ பூட்டுவதைவிட, 81 மி.மீ. துளையுள்ள எஞ்சினை அப்படியே வைத்து டர்போ பூட்டுவது எவ்வளவோ மேல்.

இதுவரை பேசியது ஒழுங்காக நடக்கும் எரிதலின் அழுத்தம். ஸ்லீவ்களை உண்மையில் கொல்வது நாக்கிங். தீப்பொறியிலிருந்து கிளம்பிய சுடர் வந்து சேருமுன்பே, மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாக வெடித்துவிடுவது அது. வெடித்ததும் அழுத்த அலை துளையின் குறுக்கே ஓடிச் சுவரில் மோதித் திரும்பும். நம் காதுக்கு அது கணகணவென்று கேட்கும். அந்த ஒலியின் அதிர்வெண்ணைத் துளையின் விட்டமும் வாயுவில் ஒலி ஓடும் வேகமும் தீர்மானிக்கின்றன என்பதை 1930-களில் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் கணக்கிட்டுக் காட்டினார். பின்னாளில் அப்போலோ விண்கலங்களுக்கு வழிகாட்டும் கருவியை உருவாக்கிய ஆய்வகத்தின் தலைவர் அவரே. அவருடைய சூத்திரப்படி 81 மி.மீ. துளையில் இந்த ஒலி நொடிக்கு ஏறத்தாழ 6,900 அதிர்வுகள், 84 மி.மீ. துளையில் ஏறத்தாழ 6,600. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கென்றே செய்த நாக் சென்சாரை வைத்திருப்பவர் துளையை மாற்றினால், அது கேட்க வேண்டிய ஒலியையும் மாற்றிவிடுகிறார்.

நாக்கிங்கில் அழுத்தம் திடீரென்று சாதாரண உச்சத்தைத் தாண்டி எகிறும். சூத்திரத்தில் 100 பார் போட்டு வந்த நிம்மதி அங்கே செல்லாது. பெரிய துளை நாக்கிங்கையும் வரவழைக்கிறது. சுடர் நடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. மூலையிலுள்ள கலவைக்குத் தானாக வெடிக்கக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. இன்னொரு காரணம் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. ஹெட்டின் எரியறையை மாற்றாமல் துளையை மட்டும் பெரிதாக்கினால் அமுக்க விகிதம் ஏறும். 10-க்கு 1 என்றிருந்தது 84 மி.மீ. துளையில் 10.6 வாக்கில் போகும். டர்போ எஞ்சினுக்கு நாம் விரும்புவது 9 வாக்கில். அதனால் பிஸ்டனின் தலையைக் குழித்து அந்த ஏற்றத்தை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. ரீபோர் ஒரு திசையிலும் டர்போ எதிர்த் திசையிலும் எஞ்சினை இழுக்கின்றன.

எத்தனை குதிரைத்திறன் வரை பழைய ஸ்லீவ் தாங்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது. ஸ்லீவுக்குக் குதிரைத்திறன் தெரியாது, அழுத்தம்தான் தெரியும். சிலிண்டர் அழுத்தத்தோடு நேராகத் தொடர்புடையது திருப்புவிசை. 300 குதிரைத்திறனை 7,500 ஆர்பிஎம்மில் எடுத்தால் திருப்புவிசை 285 நியூட்டன் மீட்டர். அதே 300-ஐ 5,000-இல் எடுத்தால் 427. வலுவை அளந்து தரும் தாளில் அச்சாகும் எண் ஒன்றுதான். சுவர் வாங்கிய அடியில் ஒன்றரை மடங்கு வித்தியாசம். சின்ன டர்போவைப் போட்டு 3,000 ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்ட் வரவைப்பது ஓட்ட இனிமையானது. ஆனால் மெதுவாகச் சுழலும் எஞ்சினில் கலவை அழுத்தத்தில் கிடக்கும் நேரம் நீளம். நாக்கிங் வருவதும் அங்கேதான். பழைய ஸ்லீவோடு டர்போ ஓட்டுபவருக்குப் முழு பூஸ்ட் வருவதைக் கொஞ்சம் மேல் ஆர்பிஎம்முக்குத் தள்ளி வைப்பதும், அங்கே வலுவை எடுப்பதும் நல்லது. பி வரிசையின் விடெக் ஹெட் அந்த வேகத்தில் மூச்சு விடுவதற்கென்றே செய்யப்பட்டது.

அப்படியென்றால் ரீபோரே கூடாதா? தேய்ந்த துளை மேலே அகன்று கீழே குறுகி இருக்கும்; வட்டமும் கெட்டிருக்கும். அதில் புது வளையம் போட்டால் அமராது. அந்தத் தேய்மானம் மறையும் அளவுக்கு, அதாவது கால் மி.மீ. அல்லது அரை மி.மீ. கடைவது அவசியமான வேலை. அதற்கான ஓவர்சைஸ் பிஸ்டன்களும் கிடைக்கின்றன. கால் மி.மீ.யில் வேலை முடிந்தால் அரை மி.மீ.க்குப் போகக் கூடாது என்பதே என் கட்சி. கடைவதற்கு முன் சுவரின் கனத்தை மீயொலிக் கருவியால் சுற்றிலும் அளந்துவிடுவது இன்னும் நல்லது. வார்ப்பில் ஒரு பக்கம் மெலிந்திருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். சராசரிக் கனம் அதைக் காட்டாது.

பட்டறையில் வற்புறுத்திக் கேட்க வேண்டியது டார்க் பிளேட். ஹெட் போல்ட்டுகளை முறுக்கும்போது பிளாக் நெளிகிறது. வெறும் பிளாக்கில் வட்டமாகக் கடைந்த துளை, ஹெட் ஏறியதும் வட்டமாக இருப்பதில்லை. ஹெட்டுக்குப் பதிலாக ஒரு கனமான தகட்டை அதே முறுக்கில் மாட்டி, அந்த நெளிந்த நிலையிலேயே ஹோனிங், அதாவது இறுதி மெருகு, செய்தால், எஞ்சின் பூட்டிய பிறகு துளை வட்டமாக வரும். திறந்த தளமுள்ள மெல்லிய ஸ்லீவில் இது அலங்கார வேலை இல்லை. ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டால் பிஸ்டனுக்கும் சுவருக்கும் விட வேண்டிய இடைவெளியும் மாறும். சிலிக்கன் குறைந்த கலவையில் செய்தவை சூட்டில் அதிகம் விரியும் என்பதால் செய்தவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும். வளைய முனை இடைவெளியும் டர்போவுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

திறந்த தளத்துக்குள் ஒரு வளையத்தைச் செருகி ஸ்லீவ்களின் உச்சியைப் பிணைக்கும் பிளாக் கார்டு என்ற பொருளும் சந்தையில் உண்டு. அசைவைக் குறைக்கும் என்பது உண்மை. உச்சியில் தண்ணீர் ஓட்டத்தை அடைக்கும் என்பதும், சரியாகப் பொருந்தாவிட்டால் துளையையே நெளிக்கும் என்பதும் உண்மை. கால் மைல் ஓடி நிற்கும் டிராக் பந்தயக் கார்களில் தண்ணீர் ஓடும் இடத்தையே சிமென்ட் போன்ற கலவையால் நிரப்பிவிடுவதும் உண்டு. தினமும் ஓட்டும் காருக்கு இரண்டையும் நான் சொல்ல மாட்டேன்.

84 மி.மீ. துளையும் வேண்டும், நல்ல பூஸ்டும் வேண்டும் என்பவருக்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது: பழைய ஸ்லீவை முழுவதும் கடைந்தெடுத்துவிட்டுப் புதிய ஸ்லீவ் இறக்குவது. அமெரிக்காவில் டார்ட்டன், கோல்டன் ஈகிள் போன்றோர் இதற்கென்றே செய்கிறார்கள். இந்த ஸ்லீவ்கள் கனமானவை. உச்சியில் அகலமான விளிம்போடு வருபவை ஒன்றோடொன்று முட்டித் திறந்த தளத்தை மூடிவிடுகின்றன. இரும்பும் வேறு. சாம்பல் வார்ப்பிரும்பில் கார்பன் மெல்லிய தகடுகளாகப் பரவியிருக்கும். எண்ணெயைப் பிடித்து வைக்கவும் அதிர்வை விழுங்கவும் அவை உதவும், ஆனால் ஒவ்வொரு தகட்டின் கூரிய முனையும் விரிசலுக்குத் தயாரான ஒரு தொடக்கப் புள்ளி. 1943-இல் அமெரிக்காவில் இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கீத் மில்லிஸ், உருக்கிய இரும்பில் சிறிது மெக்னீசியம் சேர்த்தபோது கார்பன் தகடுகளாக இல்லாமல் உருண்டைகளாக உறைவதைக் கண்டார். உருண்டைக்குக் கூர்முனை இல்லை. டக்டைல் இரும்பு என்று பெயர் பெற்ற அது, சாம்பல் இரும்பைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் இழுவிசை தாங்கும். உடைவதற்கு முன் கொஞ்சம் நீளவும் செய்யும்.

ஸ்லீவ் மாற்றுவது செலவுள்ள வேலை, துல்லியமான இயந்திரமும் வேண்டும். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், சூடான எஞ்சினில் பிளாக் ஸ்லீவை விட்டு விலகப் பார்க்கும். இறுக்கம் சரியாகக் கணக்கிடப்படாவிட்டால் புது ஸ்லீவ் கீழே அமிழ்ந்து கேஸ்கெட் போய்விடும். அந்தச் செலவுக்கு இப்போது இயலாதவர் அரை மி.மீ.க்குள் நின்று, நல்ல இன்டர்கூலரும் நிதானமான பூஸ்டும் கவனமான தீப்பொறி நேரமும் வைத்து ஓட்டலாம். ஓட்டத் தொடங்கியபின் ரேடியேட்டரைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது தண்ணீரில் ஓயாமல் குமிழி எழுந்தாலோ, கசிவு இல்லாமலேயே தண்ணீர் குறைந்தாலோ, உபரித் தொட்டி பொங்கினாலோ கேஸ்கெட் வாங்கப் போகுமுன் ஹெட்டைக் கழற்றி, நான்கு ஸ்லீவ்களின் உந்துதல் பக்கத்தையும் உச்சியிலிருந்து விரிசல் காட்டும் சாயம் தடவிப் பார்த்துவிட வேண்டும்.